நான் விழுங்கிய களிம்பு

உன் கல்யாணப் பத்திரிகை திங்கட்கிழமை வந்தது. அச்சு நன்றாக இருக்கிறது. என் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. என்று போட்டிருக்கிறாய். அதைப் பார்த்த உன் நைனா, "இன்னாமே, பொண்ணு ஊட்டுக்காரங்க உனக்குப் பரீட்ச வைக்கப் போறாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே நீ போன் செய்தாய். பழவேற்காட்டிலிருந்து ஒரு வேன் பேசியிருப்பதாகச் சொன்னாய். கன்னியம்மா அத்தையையும் அவளோடு இறால் பிடிக்கும் பெண்களையும் நான் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும், மண்டபத்தில் அவர்கள் ஆளுக்கொரு களிம்பு டப்பாவைப் பிடித்தபடி நிற்க ஒரு படம் எடுக்க வேண்டும் என்றாய். "அவங்க வந்து நின்னாத்தாம்மா அந்த டப்பாவுக்கே ஒரு உண்மை இருக்கும்" என்றாய். உண்மை என்ற அந்த வார்த்தை உன் வாயில் எப்படி வந்தது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். அப்போது ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். சொல்லாமல் விட்ட பதில்தான் இது.

இதை உன் கைப்பேசிக்கே அனுப்பியிருக்கலாம். எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். பொய்யை நான் நாலு பேர் பார்க்கச் சொன்னேன்; உண்மையை உன் காதில் மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. உன் பெயரையும் டப்பாவின் பெயரையும் எழுதப் போவதில்லை. என் பெயரும் வேண்டாம். கன்னியம்மா அக்காவிடம் மட்டும், "உங்க பேர மாத்திப் போட்டுடட்டுமாக்கா?" என்று கேட்டேன். "ஏன் மாத்தற? நான் இன்னா திருடினனா? எம் பேர அப்டியே போடு" என்றாள். போட்டிருக்கிறேன்.

இது எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியும். ஆனால் அதில் உனக்கு வேண்டிய பாதியை மட்டும் நீ எடுத்துவைத்துக்கொண்டாய் என்று இப்போது தோன்றுகிறது. அதனால் முழுதும் சொல்கிறேன். நீ அப்போது எட்டாம் வகுப்பு. ஒரு மனு எழுதித் தரச்சொல்லி கன்னியம்மா அக்கா நம் வீட்டுக்கு வந்திருந்தாள். எழுதி முடித்துக் கையெழுத்துக்காகத் தாளைக் கொடுத்தேன். அவள் விரல் பட்ட இடமெல்லாம் தாளில் சிவப்பாக ஒட்டியது. கையைத் திருப்பிப் பார்த்தேன். நகத்தைச் சுற்றித் தோல் வெடித்து, வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் ஏறி ஊறி, கெளுத்தி முள் குத்திய இடங்கள் மூடாமலே கிடந்தன. "இதுக்கு இன்னா பண்றீங்கக்கா?" என்று கேட்டேன். "இன்னா பண்றது, தேங்கா எண்ணெ தடவிக்கினு போவேன். தண்ணில கால வச்சதும் அது ஒரு பக்கம் போவும், நான் ஒரு பக்கம் போவேன்" என்றாள்.

நாம் கடலுக்குப் போகிற வீடு. படகும் இஞ்சினும் வலையுமாக வளர்ந்தவள் நான். ஏரியில் கையாலேயே இறால் பிடிக்கிறவர்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது எப்படிப்பட்ட வேலை என்று அன்றுவரை கேட்டதில்லை. அவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்த மாதிரியே நகர்ந்து, அடிச் சேற்றைத் தடவி, விரலில் இறால் துள்ளும்போது அமுக்கிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள பனையோலையில் முடைந்த ஒரு சின்னப் பறி. இரண்டு கையும் சேற்றில் இருக்கும் என்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். மூன்று மணி நேரம், நாலு மணி நேரம், வாயில் கயிறோடு.

எண்ணெய் தண்ணீரில் நிற்காது. ஆனால் எண்ணெயை நிற்க வைக்கலாம் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் எங்கள் பேராசிரியை ஒருமுறை ஒரு சோதனைக் குழாயில் நல்லெண்ணெயை ஊற்றி, அதில் ஒரு துண்டு மெழுகைப் போட்டுச் சூடாக்கிக் கரைத்து, ஆறவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். எண்ணெய் விழவில்லை. கரைந்த மெழுகு ஆறும்போது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளாகிறது, அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, எண்ணெய் அந்தப் பின்னலுக்குள் மாட்டிக்கொள்கிறது என்றார். வேறு மாவு வேண்டாம், பசை வேண்டாம். நூறு பங்கு எண்ணெய்க்குச் சில பங்கு மெழுகு போதும். படிப்பு முடிந்து, கல்யாணமாகி, நீ பிறந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இத்தனை வருடத்தில் அந்தக் குழாயை நான் நினைத்ததே இல்லை. சிவப்பாக ஒட்டிய தாளைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கி வந்து, நல்லெண்ணெயில் கரைத்து, ஒரு டம்ளரில் ஆறவைத்துக் கவிழ்த்தேன். உன் நைனா எட்டிப் பார்த்தார். விளக்கினேன். "அப்போ மெழுகு வலை, எண்ணெ மீனு. அவ்ளோதான? இதுக்கா மூணு வருசம் படிச்ச?" என்றார்.

முதல் டப்பாவைக் கொடுத்தபோது, கை முழுக்க நன்றாகத் தடவிக்கொண்டு இறங்கச் சொன்னேன். மறுநாள் அந்தப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நம் வாசலில் வந்து நின்றுகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "டீச்சரம்மா, நீ எங்களுக்கு மருந்து குடுத்தியா, இறாவுக்குக் குடுத்தியா? புடிச்சா வழுக்கினு ஓடுது. தாங்க்சு சொல்லிட்டுப் போவுது." எனக்கு வெட்கமாகிவிட்டது. கன்னியம்மா அக்காதான் என் கையைப் பிடித்துக் காட்டித் தந்தாள்: விரல் நுனியில் படக்கூடாது, நுனிதான் அவர்களுக்குக் கண், நகத்தைச் சுற்றியும் விரலின் முதுகிலும் கணுவிலும் மட்டும். எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது. அப்புறம் அவள் இன்னொன்று கேட்டாள். "இது வாய்ல பட்டா இன்னா ஆவும்?" எனக்குச் சட்டென்று புரியவில்லை. "கவுறு வாய்லதான கீது. கைல இருக்கறது கவுத்துல ஏறும், கவுத்துல இருக்கறது வாய்ல ஏறும்."

அன்றைக்கு அவர்கள் முன்னால் ஒரு விதி சொன்னேன். சாப்பிட முடியாத எதுவும் இதில் போகாது. சொன்னதோடு டப்பாவில் விரலை விட்டு, ஒரு விரல் எடுத்து என் வாயில் வைத்து விழுங்கிக் காட்டினேன். அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறை காய்ச்சியதும் முதல் டப்பாவிலிருந்து நான் ஒரு விரல் தின்றால்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். "டீச்சரம்மா துன்னாச்சா?" என்று ஒருத்தி கேட்பாள். "துன்னுச்சு, துன்னுச்சு, இன்னும் உசுரோடதான் கீது" என்று இன்னொருத்தி சொல்வாள். நீ அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று கைதட்டிச் சிரித்திருக்கிறாய். மறந்திருக்க மாட்டாய்.

வெயில் காலத்தில் தேன்மெழுகுக் களிம்பு இளகி, டப்பாவின் ஓரத்தில் எண்ணெய் கசிந்தது. செங்குன்றம் பக்கத்தில் ஒரு தவிட்டு எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த என் கல்லூரித் தோழி, அங்கே எண்ணெயைக் குளிர வைத்துப் பிரித்து ஒதுக்கும் தவிட்டு மெழுகைச் சுத்தம் செய்து அனுப்பினாள். அது வெயிலுக்கு அசையவில்லை. பாதி அளவே போதுமானதாக இருந்தது. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆறும்போது அதைத் தொடக்கூடாது. கலக்கினாலோ ஆட்டினாலோ பின்னல் அறுந்துவிடும். அப்புறம் எண்ணெயைப் பிடித்துவைக்க அங்கே ஒன்றும் இருக்காது. அதனால் பின் அறையில் அலமாரியில் டப்பாக்களை வரிசையாக வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். நீ அந்தப் பக்கம் ஓடினால் கத்துவேன். ஒருநாள் நீ கதவருகில் நின்று, "அம்மா, மூச்சு விடலாமா?" என்று கேட்டாய்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இந்தக் களிம்பைக் கொண்டுபோனாய். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாய். நடுவராக வந்தவர், "இது யார் கண்டுபிடிச்சது தம்பி?" என்று கேட்டார். நான் பின்னால் பெற்றோர் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நீ ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நானே செஞ்சது சார்" என்றாய். பரிசு உனக்குத்தான். நான் கைதட்டினேன். எல்லாரையும் விடச் சத்தமாகத் தட்டினேன். என் பெயர் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. என் மகன் மேடையில் நிற்கிறானே என்று பூரித்துப்போனேன். ஆனால் விரல் நுனியைப் பற்றிச் சொல்லித் தந்தவளும், வாயைப் பற்றிக் கேட்டவளும் அந்த மேடையில் சேர்ந்தே காணாமல் போனார்கள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. நீ திரும்பிப் பார்த்த அந்த நொடியில் நான் தலையை ஆட்டி மறுத்திருக்கலாம். ஆட்டவில்லை. பொய் சொல்லும்போது அம்மாவைத் திரும்பிப் பார்த்தால் போதும் என்று உனக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நீ படித்து முடித்தாய். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலைக்குப் போகச் சொன்ன நைனாவிடம், இதையே தொழிலாகச் செய்யப் போகிறேன் என்றாய். எனக்குப் பெருமைதான். டப்பாவின் மேல் ஒரு பாய்மரக் கப்பலை வரைந்து, 'டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காட்டின் ரகசியக் களிம்பு' என்று அச்சடித்துக் கொண்டுவந்தாய். நைனா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "டச்சுக்காரன் நம்ம ஊட்டு அடுப்புலயா எண்ணெ காச்சினான்? உங்கம்மா சொல்லவே இல்லியேடா!" என்றார். எல்லாரும் சிரித்தோம். நான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் மெழுகு இருந்தது உண்மைதான். இங்கிருந்து கப்பலேறிய துணிகளில் சாயம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகு பூசி வேலை செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். இந்தப் பக்கத்து ஆட்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிப் போனதையும் படித்திருக்கிறேன். யார் கைப் புண்ணுக்கும் அவர்கள் எதையும் காய்ச்சிக் கொடுத்ததாக எங்கும் படிக்கவில்லை என்றேன். "கதைதானம்மா. டூரிஸ்ட் டச்சுக் கல்லறைய பாக்க வரான். அவனுக்கு ஒரு கதை வேணும்" என்றாய். விட்டுவிட்டேன். அது இரண்டாவது முறை.

மாதவரம் பக்கம் ஒரு ஷெட் எடுத்தாய். என் நோட்டைக் கேட்டாய், கொடுத்தேன். "இனிமே நீ அடுப்பு முன்னாடி நிக்க வேணாம்மா. அத்தைங்களுக்கும் நானே அனுப்பிடறேன்" என்றாய். அனுப்பவும் செய்தாய். முதல் மூன்று நான்கு மாதம் வந்ததெல்லாம் நம்முடைய களிம்புதான்; ஒவ்வொரு பெட்டியிலும் முதல் டப்பாவை நானே உடைத்துத் தின்று பார்த்துத்தான் கொடுத்தேன். அப்புறம் ஒரு பெட்டி நம் வீட்டுக்கு வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் வண்டி நேராக அவர்கள் தெருவுக்குப் போய் இறக்கிவிட்டுப் போயிருந்தது. எனக்குச் சிரமம் வைக்காமல் இருக்க நீ அப்படிச் செய்தாய் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான். நீ என் காலுக்கு இரக்கப்படவில்லை, என் நாக்கைத் தவிர்த்தாய்.

உனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள் மதியம் அது. நீ வீட்டில் இருந்தாய். கன்னியம்மா அக்காவும் இன்னும் ஆறு பேரும் வாசலுக்கு வந்தார்கள். சிரிப்பு இல்லை. "டீச்சரம்மா, நாலு நாளா எங்க இறாவ ஏவாரி எடுக்க மாட்டேன்றான். மோந்து பாத்துட்டு, கிருஷ்ணாயில் வாட அடிக்குது, எடுத்துக்கினு போன்றான்."

"மோட்டார் போட்டு டீசலா இருக்கும்க்கா" என்றேன்.

"போட்டு போற பக்கம் நாங்க எதுக்குப் போறோம்? கவுத்தக் கடிச்சா வாய்ல அதே ருசிதான் வருது. எம் மருமவ நேத்து தண்ணிலயே வாந்தி எடுத்துட்டா." அவள் மடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். "தப்பா நெனச்சுக்காத. நீ ஒரு வாட்டி துன்னு பாத்து சொல்லிடு. நீ நல்லாக்கீதுன்னு சொன்னா, வாடை இதால இல்ல. நாங்க வேற இன்னான்னு பாக்கறோம்."

நான் சிரித்துக்கொண்டேதான் மூடியைத் திறந்தேன். நீ உள்வாசலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாய். களிம்பு வெள்ளையாக இருந்தது. எண்ணெயை வடிகட்டுகிறோம், அதனால் வெளுப்பாக இருக்கும் என்று நீ முன்பு சொன்னது நினைவில் வந்தது. ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தேன். நம்முடையது நாக்கில் பட்டதும் நல்லெண்ணெயாக விரியும். கடைசியில் பல்லில் மெழுகு மெல்லிய தூளாக நிற்கும். இது விரியவில்லை. எந்த ருசியும் இல்லாமல் வழவழவென்று மேலண்ணத்தில் ஒட்டியது. பிறகு மூக்குக்குப் பின்னாலிருந்து அந்த வாடை வந்தது. மெழுகுவத்தியை அணைத்தால் வருமே, அது. நான் வேதியியல் படித்தவள். யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் கைப்பேசியைப் பார்த்தாய்.

நான் துப்பியிருக்க வேண்டும். ஏழு பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முந்தின நாள்தான் உன் கல்யாணப் பேச்சு கூடியிருந்தது. விழுங்கினேன். "நம்மளுதுதான்க்கா. இதுல ஒண்ணும் இல்ல" என்றேன். கன்னியம்மா அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி டீச்சரம்மா" என்று டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவர்கள் போனார்கள். உன் அம்மா அதை வாயில் வைத்தபோது உன்னிடமிருந்து ஒரு சத்தம் வரும் என்று, 'அம்மா' என்று ஒரே ஒரு வார்த்தை வரும் என்று, விழுங்குகிற அந்தக் கடைசி நொடி வரைக்கும் எதிர்பார்த்தேன். இந்தக் கடிதத்தில் உன்மேல் நான் வைக்கிற குறை இதுதான். மெழுகை மாற்றியது இரண்டாவதாகத்தான் வரும்.

சமையலறையில் வைத்துக் கேட்டேன். நீ மறைக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். பெரிய பாத்திரத்தில் மெஷின் கலக்கிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் கசிகிறது, கடைகளிலிருந்து டப்பாக்கள் திரும்பி வருகின்றன, அதனால் மெழுகுவத்தி மெழுகுக்கும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற வெள்ளை எண்ணெய்க்கும் மாறினேன் என்றாய். "எல்லா கம்பெனியும் இதத்தாம்மா போடறான். கையில தடவறதுதான? யாரு சாப்பிடப் போறா?" என்றாய். "நான் சாப்பிட்டனேடா" என்றேன். "உன்ன யாரும்மா சாப்பிடச் சொன்னா?" என்றாய்.

நீ கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாய். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பூமிக்கடியிலிருந்து எடுக்கிற மெழுகு விஷம் என்று நான் வாதாட வரவில்லை. சுத்தம் செய்ததைப் பலர் களிம்பில் போடுகிறார்கள், நீ வாங்கியது அந்தத் தரமும் இல்லை என்பது வேறு விஷயம். கயிற்றைப் பல்லில் கடிக்கிறவர்களிடம் ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் கொடுத்தாய். அவர்களுக்கு அது தெரியாமல் இருக்க என் வாயைப் பயன்படுத்தினாய். கசிகிறது என்று எனக்கு ஒரு போன் செய்திருந்தால் போதும். மெழுகு ஆறி எண்ணெய் கலங்கலாக மங்கத் தொடங்கும் முன்பே மெஷினை நிறுத்து, சூடாகவே டப்பாவில் ஊற்று, ஆறும்வரை அந்த அறைப் பக்கம் போகாதே என்று சொல்லியிருப்பேன். அந்த நோட்டில் ஒன்பதாம் பக்கத்தில் அதை எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். நோட்டை வாங்கிக்கொண்டு போனவன் ஒன்பதாம் பக்கம் வரை புரட்டவில்லை. சின்ன விஷயம். ஆனால் இதை நினைக்கும்போதுதான் எனக்கு அழுகை வருகிறது.

அப்புறம் இரண்டு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. உன்னை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பெண் வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், உன் தொழில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது நம் வாசலில் டப்பாக்கள் அடுக்கி வைத்திருந்தன. பாதி தீர்ந்தது, கால் தீர்ந்தது, திறக்காதது. யாரும் சண்டைக்கு வரவில்லை. சாலையில் பார்த்தால் "நல்லா கீறியா டீச்சரம்மா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். டப்பாவை நிறுத்தியதும் இறாலின் வாடையும் நின்றது. வியாபாரி மறுபடி எடுத்துக்கொண்டான். விரல்கள் மறுபடி வெடித்தன. நான் பழையபடி நல்லெண்ணெயும் தவிட்டு மெழுகுமாகக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். ஒருத்தியும் கை நீட்டவில்லை. "இருக்கட்டும் டீச்சரம்மா, தேங்கா எண்ணெ கீது" என்றார்கள்.

நீ போன் செய்து படம் எடுக்க வேண்டும் என்றாயே, அதற்கு மறுநாள் காலையில் நான் கோட்டைக்குப்பத்துக் கரைக்குப் போனேன். ஏழு பேரும் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். அது நம்முடையது இல்லை, மெழுகு வேறு, எண்ணெய் வேறு, வாயில் வைத்தபோதே எனக்குத் தெரியும், தெரிந்தே விழுங்கினேன், தெரிந்தே பொய் சொன்னேன் என்றேன்.  கன்னியம்மா அக்கா பறியின் ஓலையைச் செருகிக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"எப்டிக்கா?"

"முழுங்கறதுக்கு முன்னாடி நீ நின்ன பாரு. பத்து வருசத்துக்கு மேல நீ துன்றதப் பாக்கறோம், ஒரு நாளும் நின்னதில்ல. அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீதான் முழுங்கிட்டியே. அப்பால நாங்க இன்னாத்த கேக்கறது?"

பக்கத்தில் இருந்த அவள் மருமகள், "எங்க வாய்ல போனா பரவால்ல, டீச்சரம்மா வாய்லயும் போட்டுட்டானே, பெத்தவ வாயாச்சே" என்றாள். ஒருத்தி சிரித்தாள். அது பழைய சிரிப்பு இல்லை. நான் கொண்டுபோயிருந்த டப்பாக்களை மணலில் வைத்தேன். இதை நான் காய்ச்சினேன், வேண்டுமானால் உங்கள் எதிரிலேயே காய்ச்சுகிறேன் என்றேன். கன்னியம்மா அக்கா அவற்றைத் தொடவில்லை. "நீ வந்து சொல்லிட்ட. சரி. பண்ணவன் எங்க?" என்று கேட்டாள். "அத்தே அத்தேன்னு எம் மடில ஒக்காந்துக்கினு நண்டு கேட்ட புள்ளதான அவன்? அவனுக்கு வழி தெரியாதா?"

மணலில் வைத்த டப்பாக்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். 

இனி உன் கல்யாணத்தைப் பற்றி. நான் வருவேன். நைனாவும் வருவார். நீ மன்னிப்புக் கேட்டால்தான் வருவேன் என்று அதைப் பேரமாக வைக்க மாட்டேன். நான் உன் அம்மா, முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போடுவேன். உனக்கு மனைவியாக வரப்போகிறவளிடம் இதையெல்லாம் நீயே சொல்லிவிடு. இதை எங்கேயாவது படித்துவிட்டு அவள் உன்னிடம் கேட்கிற மாதிரி வைக்காதே. நானும் உன் நைனாவும் இருபத்தாறு வருடமாகச் சண்டை போடாத வாரம் இல்லை. ஆனால் அவர் சாப்பிடும் தட்டில் நான் தெரிந்தே எதையும் மறைத்து வைத்ததில்லை, அவரும் எனக்கு வைத்ததில்லை. குடும்பம் நடத்த அன்பு வேண்டும், பொறுமை வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: உன்னை நம்பி ஒருத்தி ஒன்றை வாயில் வைக்கும்போது உனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உன் தொழிலை விடச் சொல்லவில்லை. பழைய மெழுகுக்குத் திரும்பு. முடியாவிட்டால் உள்ளே இருப்பதை டப்பாவின் மேல் எழுது. கப்பலை அழி.

ஆனால் கன்னியம்மா அக்காவின் தெருவில் நான் வெற்றிலை பாக்கு வைக்கப் போவதில்லை. அந்த வேனை வேண்டாம் என்று சொல்லிவிடு. டப்பாவோடு படம் எதுவும் கிடையாது. அவர்கள் உன் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்றால், என் களிம்பை மறுபடி கையில் வாங்க வேண்டும் என்றால், இரண்டும் இப்போது உன் கையில்தான் இருக்கின்றன. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அது பாதிக்குத்தான் போதுமானதாக இருக்கிறது. அவர்கள் கேட்பது உன்னை. விரல்கள் வெடித்தபடியே தினமும் தண்ணீரில் இறங்குகிறார்கள், என் அலமாரியில் டப்பாக்கள் கிடக்கின்றன.

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் வற்றும் என்று கன்னியம்மா அக்கா சொன்னாள். ஏழு மணிக்கு இறங்குவார்கள். அதற்கு அரைமணி முன்பே கரைக்கு வந்து உட்கார்ந்து கயிறுகளைச் சரிபார்ப்பார்கள். நீ முதல் பஸ்ஸுக்கே வந்து, செய்ததை அவர்களிடம் உன் வாயாலேயே சொல். பட்டுச் சட்டை வேண்டாம், பழத்தட்டு வேண்டாம், யாரையும் துணைக்குக் கூட்டி வராதே. நைனா உன்கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். நானும் வரமாட்டேன். அவர்கள் திட்டுவார்கள், என்னிடம் காட்டிய மரியாதை உனக்குக் கிடைக்காது. பேசாமல் முதுகைக் காட்டிக்கொண்டும் உட்காரலாம், அது இன்னும் கஷ்டமாக இருக்கும். என்ன செய்தாலும் நின்று கேள். தண்ணீர் ஏறுவதற்குள் வேலைக்கு இறங்க வேண்டும் என்று அவர்களே ஒரு நேரத்தில் உன்னைப் போகச் சொல்வார்கள். அதற்கு முன்னால் நீயாகக் கிளம்பாதே.